ரவுட்டரின் சாவி யார் யாரிடம் இருக்கிறது?

நாம் வாங்கும் ரவுட்டர்களில் தயாரிப்பாளரோ ஓர் அரசோ முன்கூட்டியே வைத்த பின்கதவு, அதாவது பூட்டைத் தாண்டி உள்ளே நுழையும் மறைவழி, இருக்கிறதா, அதன் வழியே நம் இணையப் போக்குவரத்தை உளவு பார்க்க முடியுமா, எந்த நாட்டுத் தயாரிப்பை வாங்கினால் இந்த அச்சம் இல்லாமல் இருக்கலாம் என்பதுதான் கேள்வி. முதல் இரண்டுக்கும் விடை ஆம் என்பதே. பின்கதவுகள் பலமுறை கண்டுபிடிக்கப்பட்டு, ஆவணங்களோடும் சோதனைகளோடும் நிறுவப்பட்டிருக்கின்றன. மூன்றாவது கேள்விக்கு ஒரு நாட்டின் பெயரை விடையாகச் சொல்லிவிட முடியாது. அதைச் சற்று மாற்றிக் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன்: இந்தக் கருவிக்குள் என்னைத் தவிர வேறு யாரெல்லாம் நுழைய முடியும், அப்படி நுழைந்தால் அது எனக்குத் தெரியவருமா? கதவை வைத்தவரின் நோக்கத்தை நிரூபிப்பது பெரும்பாலும் இயலாத காரியம். கதவு இருப்பதைக் கண்டறியலாம். பல சமயம் அடைத்தும் விடலாம்.

உளவு பார்ப்போர் ரவுட்டரை நாடுவதற்கு அது அமர்ந்திருக்கும் இடமே முதற்காரணம். ஒரு வீட்டின் அல்லது அலுவலகத்தின் எல்லாக் கருவிகளும் வெளியுலகோடு பேசுவது அதன் வழியாகத்தான். கணினியில் வைரஸ் தடுப்பு மென்பொருள் இருக்கும், கணினியும் கைபேசியும் அடிக்கடி புதுப்பிக்கப்படும், ஏதேனும் மாறினால் கண்ணில் படும். ரவுட்டரோ ஆண்டுக்கணக்கில் ஒரு மூலையில் ஓடிக்கொண்டிருக்கும். யார் நுழைந்தார்கள், என்ன நடந்தது என்ற அதன் பதிவுகள் பெரும்பாலும் தற்காலிக நினைவகத்தில் மட்டும் இருப்பதால் மின்சாரம் போய் வந்தால் அழிந்துவிடும். உள்ளே ஓடுவது பல ஆண்டுகள் பழைய லினக்ஸ் கர்னலாக (இயக்க மென்பொருளின் மையப் பகுதியாக) இருக்கலாம். நுழைந்தவர் நெடுநாள் தங்குவதற்கு இதைவிட வசதியான இடம் வலையமைப்பில் வேறு இல்லை.

வெளியே வந்த பின்கதவுகளை வரிசையாகப் படித்துப் பார்த்தால், அவற்றுள் பலவும் பொறியாளர்கள் தம் வேலை வசதிக்காக வைத்துவிட்டு எடுக்காமல் விட்டவை என்றே தோன்றும். 2013 அக்டோபரில் கிரெய்க் ஹெஃப்னர் என்ற ஆய்வாளர் டி-லிங்க் நிறுவனத்தின் டிஐஆர்-100 ரவுட்டரின் ஃபர்ம்வேரை, அதாவது கருவிக்குள்ளேயே பதிந்திருக்கும் இயக்க மென்பொருளை, பிரித்துப் படித்தார். பிரவுசர் தன்னை அடையாளம் காட்டிக்கொள்ளும் வரியில் ஒரு குறிப்பிட்ட எழுத்துத்தொடர் இருந்தால், கடவுச்சொல் கேட்காமலேயே நிர்வாகப் பக்கம் திறந்துவிடுவதைக் கண்டார். அந்தத் தொடரைக் கடைசியிலிருந்து திருப்பிப் படித்தால் ஒரு பணியாளரின் பெயரும் ‘பேக்டோர்’ என்ற சொல்லும் தெளிவாக வந்தன. ரவுட்டருக்குள் ஓடும் வேறொரு நிரல் அமைப்புகளைத் தானாக மாற்ற வேண்டியிருந்ததால், அதற்குக் குறுக்குவழியாக இதை வைத்திருக்கலாம் என்று ஹெஃப்னர் ஊகித்தார். அந்த ஊகம் சரியென்றே வைத்துக்கொண்டாலும், அந்த எழுத்துத்தொடர் வெளியே தெரிந்த நாளிலிருந்து அதை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்ற நிலை மாறவில்லை.

இதே வகையில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது 32764 என்ற போர்ட் எண்ணோடு தொடர்புடைய நிகழ்வு. போர்ட் என்பது கருவியில் ஒரு சேவை காத்திருக்கும் எண்ணிட்ட வாசல். 2013-ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் விடுமுறையில் எலுவா வாண்டர்பெக்கென் என்ற பிரெஞ்சுப் பொறியாளர், தம் குடும்ப வீட்டிலிருந்த லிங்க்சிஸ் ரவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல்லை மறந்துவிட்டதால் வேறு வழி தேடினார். அந்த ரவுட்டரில் எந்த ஆவணத்திலும் குறிப்பிடப்படாத ஒரு சேவை 32764-ஆம் போர்ட்டில் காத்திருந்தது. அதற்குச் சரியான வடிவில் ஒரு கட்டளை அனுப்பினால், கடவுச்சொற்கள் உட்பட எல்லா அமைப்புகளையும் அது கொட்டிவிட்டது; கருவியின் முழுக் கட்டுப்பாட்டையும் கொடுத்தது. விரைவிலேயே நெட்கியர், சிஸ்கோ பெயர்களில் விற்கப்பட்ட சில மாதிரிகளிலும் அதே சேவை இருப்பது தெரிந்தது. பல நிறுவனங்களுக்கு ரவுட்டர் தயாரித்துக் கொடுக்கும் செர்காம் என்ற ஒப்பந்தத் தயாரிப்பாளரே இவற்றுக்கிடையிலான பொதுவான இழை என்று அவர் சுட்டிக்காட்டினார். பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் பெயரைப் பார்த்து மட்டும் உள்ளே இருப்பதை அறிந்துவிட முடியாது என்பதற்கு இது நல்ல சான்று.

அடுத்து நடந்தது இன்னும் கவனிக்கத்தக்கது. திருத்தப்பட்டதாக வெளியிடப்பட்ட ஃபர்ம்வேர் ஒன்றை 2014 ஏப்ரலில் அவர் மீண்டும் பிரித்துப் பார்த்தார். அந்தச் சேவை நீக்கப்படவில்லை. இணையத்திலிருந்து பார்த்தால் தெரியாதபடி உறங்க வைக்கப்பட்டிருந்தது. அதை எழுப்புவதற்கென்றே இன்னொரு சிறு நிரல் ஓடிக்கொண்டிருந்தது. அது சாதாரணப் போக்குவரத்துக்குக் கீழே, நேரடியாக இணைந்த கருவிகள் பேசிக்கொள்ளும் ஈதர்நெட் மட்டத்தில் வரும் ஒரு குறிப்பிட்ட வகைச் சட்டகத்துக்காக (தரவுப் பொட்டலத்துக்காக) காத்திருந்தது. அந்தச் சட்டகத்துக்குள் ரவுட்டர் மாதிரியின் பெயரிலிருந்து கணக்கிட்ட ஓர் ஹேஷ் (கைரேகை போன்ற அடையாள எண்) இருந்தால் 32764 மீண்டும் திறந்துகொள்ளும். அந்தச் சட்டகத்தை உள் வலையமைப்பில் இருப்பவரோ, இணைப்பு கொடுப்பவரின் கருவிக்கு அருகில் இருப்பவரோதான் அனுப்ப முடியும். இப்படி ஒரு தட்டும் முறையை யாரும் தவறுதலாக எழுதிவிட மாட்டார்கள். தெரிந்தே ஒருவர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். எதற்காக என்பது பொதுவெளியில் நிறுவப்படவில்லை.

மறைவான கணக்குகளின் கதையும் இதைப் போன்றதே. ஸைக்செல் நிறுவனத்தின் ஃபயர்வால்களில் (வலையமைப்பின் வாயிலில் போக்குவரத்தை வடிகட்டும் கருவிகளில்) 4.60 பதிப்பு ஃபர்ம்வேரில், நிர்வாகத் திரையில் தெரியாத, கடவுச்சொல்லை மாற்றவே முடியாத ஒரு நிர்வாகக் கணக்கு இருப்பது 2020 டிசம்பரில் வெளியானது. வைஃபை கருவிகளுக்கு ஃபர்ம்வேர் புதுப்பிப்புகளை அனுப்புவதற்காக வைத்த கணக்கு என்று நிறுவனம் விளக்கியது. அதன் கடவுச்சொல் ஃபர்ம்வேர் கோப்பிலேயே மறைக்கப்படாத எழுத்தாக இருந்தது. சில சமயம் பின்கதவு எது என்பதிலேயே இணக்கம் ஏற்படுவதில்லை. சீனாவின் ஹுவாவே நிறுவனம் இத்தாலியின் வோடஃபோனுக்கு அளித்த வீட்டு ரவுட்டர்களில் 2011-இல் கண்டறியப்பட்ட, தொலைவிலிருந்து கட்டளையிட உதவும் டெல்நெட் சேவையைப் பற்றி 2019-இல் செய்தி வந்தபோது, பின்கதவு என்று அந்தச் செய்தி சொன்னது. பரிசோதனைக்காகப் பல நிறுவனங்களும் பயன்படுத்தும் சேவை, எடுக்காமல் விட்டது தவறு, அவ்வளவுதான் என்று வோடஃபோன் சொன்னது. பயன்படுத்துபவரின் பக்கமிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வேறுபாடு மிகக் குறைவு. அவருக்குத் தெரியாமல், அவரால் மூட முடியாத ஒரு வழி திறந்திருந்தது.

தற்செயல் என்று சொல்லவே முடியாத நிகழ்வு ஒன்றும் உண்டு. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஜூனிபர் நிறுவனம் தன் நெட்ஸ்கிரீன் ஃபயர்வால்களில் ஓடும் ஸ்கிரீன்ஓஎஸ் மென்பொருளுக்குள் அனுமதியற்ற நிரல்வரிகள் இருந்ததாக 2015 டிசம்பர் 17 அன்று தானே அறிவித்தது. அவற்றுள் ஒன்று எந்தக் கணக்கோடும் பயன்படுத்தக்கூடிய ஒரு பொதுக் கடவுச்சொல். விழுக்காட்டுக் குறிகளும் அடைப்புகளும் கலந்து, பிழைதிருத்தத்துக்காக நிரலாளர்கள் எழுதும் அச்சு வரிகளைப் போலவே அது அமைக்கப்பட்டிருந்தது. அதே போன்ற பல வரிகள் நிரலில் இருந்ததால், மூல நிரலைப் படிப்பவர்கூட அதைத் தாண்டிப் போய்விடுவார். திருத்தத்துக்கு முந்தைய கோப்பையும் பிந்தைய கோப்பையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வாளர்கள் சில மணி நேரத்திலேயே அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

இரண்டாவது மாற்றம் இன்னும் ஆழமானது. அதன் வேர் பல ஆண்டுகள் பின்னால் இருக்கிறது. பிறர் படிக்க முடியாதபடி தகவலை மாற்றும் குறியாக்கத்தின் வலிமை, அதற்குப் பயன்படும் எண்கள் யாராலும் ஊகிக்க முடியாதவையாக இருப்பதைப் பொறுத்தது. அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2006-இல் ஏற்ற எண் உருவாக்க முறைகளில் டூயல் இசி என்பதும் ஒன்று. அதில் நிலையாக வைக்கப்பட்டிருக்கும் இரண்டு கணிதப் புள்ளிகளுக்கிடையே உள்ள உறவை அறிந்த ஒருவர், வெளிவரும் சிறிதளவு எண்களைப் பார்த்தே அடுத்து வரப்போகும் எண்களைக் கணக்கிட்டுவிட முடியும் என்று டான் ஷூமோ, நீல்ஸ் ஃபெர்குசன் ஆகிய இருவரும் 2007-லேயே காட்டிவிட்டார்கள். ஜூனிபர் அந்த முறையையே பயன்படுத்தியது. தன் சொந்தப் புள்ளியைத் தேர்ந்துகொண்டதாகவும், கிடைக்கும் எண்களை வேறொரு முறையில் மீண்டும் கலக்கியே வெளிவிடுவதாகவும் சொன்னது. உண்மையில் நிரலில் இருந்த ஒரு பிழையால் அந்த இரண்டாவது கலக்கல் நடக்கவே இல்லை. டூயல் இசி தந்த எண்கள் அப்படியே வெளியே போயின. 2012-இல் யாரோ உள்ளே புகுந்து அந்தப் புள்ளியை மட்டும் மாற்றி வைத்தார்கள். மாற்றியவர்களால் அதன் பிறகு அந்தக் கருவிகள் வழியாகச் சென்ற விபிஎன் (குறியாக்கம் செய்த தனிவழி) போக்குவரத்தைப் பிடித்துவைத்துப் படிக்க முடிந்திருக்கும். புதிதாக ஒரு கதவை அவர்கள் கட்டவில்லை. கதவும் பூட்டும் ஏற்கனவே இருந்தன. பூட்டை மட்டும் மாற்றிச் சாவியைத் தங்களிடம் வைத்துக்கொண்டார்கள். மூன்று ஆண்டுகள் அது யாருக்கும் தெரியவில்லை.

நல்லவர்கள் மட்டும் பயன்படுத்துவதற்கென்று ஒரு வழியை வைக்கலாம் என்ற யோசனை எழும்போதெல்லாம் எனக்கு இந்த நிகழ்வுதான் நினைவுக்கு வருகிறது. இந்த யோசனை வெறும் பேச்சாகவும் நிற்கவில்லை; பல நாடுகளில் சட்டமாகவே இருக்கிறது. அமெரிக்காவில் 1994-இல் இயற்றப்பட்ட கலியா சட்டம், நீதிமன்ற ஆணை கிடைத்தால் ஒட்டுக்கேட்க ஏதுவாகத் தொலைத்தொடர்புக் கருவிகள் அமைந்திருக்க வேண்டும் என்கிறது. இணைய நெறிமுறைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பு, ஒட்டுக்கேட்கும் தேவைகளைத் தன் நெறிமுறைகளில் சேர்ப்பதில்லை என்று 2000-ஆம் ஆண்டில் ஆர்எஃப்சி 2804 ஆவணத்தில் அறிவித்தது; அப்படிச் சேர்த்தால் அமைப்பு சிக்கலாகும், சிக்கல் கூடினால் பாதுகாப்பு குறையும் என்பது அது சொன்ன காரணங்களுள் ஒன்று. ஆனால் கருவி விற்பவர்கள் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். சிஸ்கோ தன் ரவுட்டர்களில் இந்த வசதி எவ்வாறு இயங்க வேண்டும் என்ற வடிவமைப்பை 2004-இல் ஆர்எஃப்சி 3924 என்று வெளியிட்டது. அதை வெளிப்படையாக வெளியிட்டதற்காக நான் அந்த நிறுவனத்தை மதிக்கிறேன். வெளியாருக்குப் படிக்கக் கிடைத்ததால்தான் ஐபிஎம் நிறுவனத்தின் டாம் கிராஸ் 2010-இல் அதன் பலவீனங்களைச் சுட்டிக்காட்ட முடிந்தது. அவற்றுள் முக்கியமானது அதன் இயல்பிலேயே இருந்தது. ஒட்டுக்கேட்பு நடப்பது வலையமைப்பின் வழக்கமான நிர்வாகிகளுக்கும் தெரியக்கூடாது என்பது சட்டத்துறையின் தேவை. ஆகவே திருட்டுத்தனமாக ஒருவர் அதை இயக்கினாலும் நிர்வாகிகளுக்குத் தெரியாது.

இது வெறும் கோட்பாட்டளவிலான அச்சமல்ல என்பதற்கு ஏதென்ஸ் சாட்சி. வோடஃபோனின் கிரேக்க வலையமைப்பிலிருந்த எரிக்சன் தொலைபேசி இணைப்பகங்களில், சட்டப்படி ஒட்டுக்கேட்பதற்கான மென்பொருள் பகுதி ஒரு மேம்படுத்தலோடு வந்து அமர்ந்திருந்தது. அதை நிர்வகிக்கும் மேல்நிலை அமைப்பை அந்த நிறுவனம் வாங்கவே இல்லை. ஆகவே அந்தப் பகுதி தங்களிடம் இயங்காமல் கிடப்பதாக எண்ணியிருந்தார்கள். யாரோ உள்ளே புகுந்து அதை ரகசியமாக இயக்கி, 2004-இன் நடுப்பகுதியிலிருந்து 2005 மார்ச் வரை பிரதமர் கோஸ்டாஸ் கரமன்லிஸ் உட்பட நூறு பேருக்கு மேற்பட்டோரின் கைபேசிகளை ஒட்டுக்கேட்டார்கள். அவர்களே செய்த ஒரு மேம்படுத்தலால் சில குறுஞ்செய்திகள் போய்ச்சேராமல் நின்றன. அதைத் துருவியபோதுதான் எல்லாம் வெளிவந்தது. இருபது ஆண்டுகள் கழித்து, 2024-இல், சால்ட் டைஃபூன் என்று பெயரிடப்பட்ட சீனத் தொடர்புடைய குழுவொன்று அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்குள் புகுந்தது. நீதிமன்ற ஆணையின் பேரில் காவல்துறை கேட்டுப்பெறும் தகவல்களில் சிலவற்றையும் அக்குழு நகலெடுத்ததாக அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயும் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிசாவும் அந்த நவம்பரில் கூட்டாக அறிவித்தன. அடுத்த மாதமே, குறிவைக்கப்படக்கூடிய முக்கியப் பொறுப்பில் இருப்போர் முனைக்கு முனை குறியாக்கம் (அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்க முடிவது) உள்ள செயலிகளையே பயன்படுத்த வேண்டும் என்று சிசா அறிவுறுத்தியது.

தொழிற்சாலையிலிருந்து கைக்கு வரும் வழியிலும் ரவுட்டர் மாற்றப்படலாம். அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏவுக்காகப் பணியாற்றிய எட்வர்ட் ஸ்னோடன் வெளிக்கொணர்ந்த ஆவணங்களில் அவ்வமைப்பின் 2010 ஜூன் மாதத்து அறிக்கை ஒன்று 2014 மே மாதம் வெளியானது. வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு அனுப்பப்படும் கருவிகளை வழியிலேயே மறித்து, தனியிடத்துக்குக் கொண்டுபோய் உளவு நிரலைப் பொருத்தி, மீண்டும் பெட்டியை ஒட்டி அனுப்பிவைக்கும் முறையை அது விவரித்தது. சிஸ்கோ பெயர் பொறித்த பெட்டி பிரிக்கப்படும் புகைப்படமும் அதோடு வந்தது. அந்த நிறுவனத்தின் தலைவர் ஜான் சேம்பர்ஸ் அதிபர் ஒபாமாவுக்குக் கண்டனக் கடிதம் எழுதினார். அஞ்சும் வாடிக்கையாளர்களுக்கு அவர்களோடு தொடர்பில்லாத முகவரிகளுக்குப் பெட்டிகளை அனுப்பி வைப்பதாக நிறுவனம் பின்னர் சொன்னது. வாங்கி நிறுவிய பிறகும் மாற்ற முடியும். 2015 செப்டம்பரில் மாண்டியண்ட் நிறுவனம் உக்ரைன், பிலிப்பைன்ஸ், மெக்சிகோ, இந்தியா ஆகிய நான்கு நாடுகளில் 14 சிஸ்கோ ரவுட்டர்களின் இயக்க மென்பொருளே மாற்றப்பட்டிருப்பதைக் கண்டறிந்தது. மென்பொருள் குறை எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. மாற்றாமல் விட்ட அல்லது திருடப்பட்ட கடவுச்சொற்களே போதுமானவையாக இருந்திருக்கும் என்று கருதப்பட்டது. மாற்றிய கோப்பின் அளவுகூட அசலின் அளவாகவே இருந்தது.

வீட்டு இணைப்புகளைப் பொறுத்தவரை நாம் அடிக்கடி மறந்துவிடும் சாவி ஒன்று இருக்கிறது. இணைப்பு கொடுக்கும் நிறுவனம் தரும் ரவுட்டரில் டிஆர்-069 என்ற தொலைநிர்வாக நெறிமுறை பெரும்பாலும் இயங்கிக்கொண்டிருக்கும். அதன் வழியே அந்த நிறுவனம் ஃபர்ம்வேரை மாற்றலாம், அமைப்புகளைப் படிக்கலாம், தளப்பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சேவையகத்தின் முகவரியைத் திருத்தலாம். பழுது பார்ப்பதற்கு இது உண்மையிலேயே உதவுகிறது. லட்சக்கணக்கான வாடிக்கையாளர்களை வைத்திருக்கும் நிறுவனத்துக்கு வேறு வழியும் இல்லை. ஆனால் அந்த வழி இணையம் முழுவதற்கும் திறந்திருந்தால் என்ன ஆகும் என்பதை 2016 நவம்பரில் ஜெர்மனி பார்த்தது. 7547-ஆம் போர்ட்டைக் குறிவைத்து மிராய் வகைத் தீநிரல் நடத்திய தாக்குதலில் டாய்ச்ச டெலிகாமின் சுமார் 9 லட்சம் வாடிக்கையாளர்கள் இணைப்பை இழந்தார்கள். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, இந்த வகை நிர்வாகத்துக்குப் பல ரவுட்டர்களில் பயன்பட்ட ராம்பேஜர் என்ற சிறு வலைச் சேவையகத்தில் ஒரு கடுமையான குறையைச் செக் பாயிண்ட் நிறுவனம் கண்டறிந்தது, குறைந்தது 1.2 கோடிக் கருவிகள் பாதிக்கப்படக்கூடிய நிலையில் இருந்தன. அந்தக் குறையை ராம்பேஜரை எழுதிய நிறுவனம் 2005-லேயே திருத்திவிட்டது. ஒன்பது ஆண்டுகள் கழித்தும் அந்தத் திருத்தம் ரவுட்டர்களுக்கு வந்து சேரவில்லை என்பதுதான் வேதனை.

இனி, எந்த நாடு என்ற கேள்வி. சீன நிறுவனங்கள் தங்கள் அரசின் கட்டளைக்குப் பணிய வேண்டிய சட்டச் சூழலில் இருப்பதால் எழும் கவலையை நான் ஒதுக்கித் தள்ளவில்லை. ஒரு நாட்டின் முதுகெலும்பான வலையமைப்பைத் திட்டமிடுவோர் அதைக் கணக்கில் கொள்ளத்தான் வேண்டும். ஆனால் 2014 மார்ச்சில் வெளியான ஆவணங்கள், ஹுவாவேயின் தலைமையகச் சேவையகங்களுக்குள் என்எஸ்ஏ புகுந்ததையும், அந்நிறுவனத்தின் கருவிகளை வாங்கும் நாடுகளை உளவு பார்ப்பதும் அதன் நோக்கங்களில் ஒன்றாக இருந்ததையும் காட்டின. ஒரு நாட்டின் கருவிக்குள் இன்னொரு நாட்டின் உளவுத்துறை நுழைய முடியும். மூல நிரலைக் கொடுத்தால் சரிபார்த்துக்கொள்ளலாமே என்பார்கள். பிரிட்டன் அதை முயன்றது. ஹுவாவேயின் நிரலை ஆராய்வதற்கென்றே 2010-இலிருந்து ஒரு மையம் அங்கே இயங்கியது. அதன் மேற்பார்வைக் குழுவின் 2019 அறிக்கை, கண்ட குறைகளுக்குச் சீன அரசின் தலையீடு காரணம் என்று கருதவில்லை எனத் தெளிவாகச் சொன்னது. அதே வேளையில், ஒரே மென்பொருளுக்குள் ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நிரல் நூலகத்தின் 4 வெவ்வேறு பதிப்புகள் 70 முழுப் பிரதிகளாகக் கிடந்ததைப் போன்ற பொறியியல் சீர்கேடுகளைப் பட்டியலிட்டது. அதைவிட முக்கியமாக, ஆராய்ந்த மூல நிரலும் கருவிகளில் ஓடும் மென்பொருளும் ஒன்றே என்பதை நிலைநாட்டுவதில் இருந்த சிக்கல் பல ஆண்டுகளாகத் தீரவில்லை என்றது. நல்ல நிதியும் தேர்ந்த ஆட்களும் நிறுவனத்தின் ஒத்துழைப்பும் இருந்தும் நிலைமை இதுதான் என்றால், விளம்பர வாசகத்தை வைத்து ஒரு ரவுட்டரை நம்புவது எவ்வளவு பலவீனமானது என்று எண்ணிப் பாருங்கள்.

நடைமுறையில் தாக்குபவர்களுக்குப் பின்கதவே தேவைப்படாத நிலைதான் அதிகம். 2018 மே மாதம் வெளிப்பட்ட விபிஎன்ஃபில்டர் என்ற தீநிரல் 54 நாடுகளில் குறைந்தது 5 லட்சம் கருவிகளில் பரவியிருந்தது. லிங்க்சிஸ், மைக்ரோடிக், நெட்கியர், டிபி-லிங்க் எனப் பல நாட்டு நிறுவனங்களின் கருவிகளும் அதில் இருந்தன. ஏற்கனவே அறியப்பட்ட குறைகளும் மாற்றப்படாத கடவுச்சொற்களுமே அதன் வழி என்று கருதப்பட்டது. சீனத் தொடர்புடைய வோல்ட் டைஃபூன் குழு தன் தடத்தை மறைக்கப் பயன்படுத்திய ரவுட்டர்களை அமெரிக்க அரசு நீதிமன்ற அனுமதியோடு தூய்மைப்படுத்தியதாக 2024 ஜனவரியில் அறிவித்தது; அவற்றுள் பெரும்பாலானவை தயாரிப்பாளர் ஆதரவை நிறுத்திவிட்ட பழைய சிஸ்கோ, நெட்கியர் மாதிரிகள். அமெரிக்க நிறுவனங்களின் பெயர் பொறித்த கருவிகள், அமெரிக்க வீடுகளிலும் சிறு அலுவலகங்களிலும் இருந்தவை.

சரி, ரவுட்டர் ஒருவர் கைக்குப் போய்விட்டால் அவருக்கு என்னதான் தெரியும்? தளத்துக்கும் பிரவுசருக்கும் இடையே குறியாக்கம் செய்யும் எச்டிடிபிஎஸ் இன்று பரவலாகிவிட்டதால், வங்கித் தளத்தில் நீங்கள் தட்டும் கடவுச்சொல்லையோ குறியாக்கம் செய்த செயலியில் எழுதும் செய்தியையோ அவரால் நேரடியாகப் படிக்க முடியாது. எந்தத் தளத்துக்கு, எப்போது, எவ்வளவு நேரம், எவ்வளவு தரவு என்பன தெரியும்; வீட்டில் எத்தனை கருவிகள், யார் எப்போது விழித்திருக்கிறார்கள் என்பதையும் அதிலிருந்து ஊகிக்கலாம். அதற்கும் மேலே, அவர் டிஎன்எஸ் முகவரியை மாற்றி உங்களைப் போலித் தளத்துக்கு அனுப்பலாம். விபிஎன்ஃபில்டரின் ஒரு பகுதி செய்ததைப் போல, குறியாக்கம் உள்ள இணைப்பைக் குறியாக்கம் இல்லாததாக மாற்ற முயலலாம். உள் வலையமைப்பிலுள்ள கேமரா, அச்சுப்பொறி, சேமிப்புக் கருவி ஆகியவற்றை நேரடியாகத் தொடலாம். தளத்தின் அடையாளம் உறுதியாகவில்லை என்று பிரவுசர் காட்டும் சான்றிதழ் எச்சரிக்கையைத் தாண்டிப் போகக்கூடாது என்று வலியுறுத்துவது இதனால்தான். ரவுட்டர் பொய் சொல்லும்போது அதைக் காட்டிக்கொடுக்கும் ஒரே அடையாளமாக அந்த எச்சரிக்கை அமையக்கூடும்.

நிறுவனங்களின் வலையமைப்பை நிர்வகிப்போர் செய்ய வேண்டியவற்றுள் முதன்மையானது, ரவுட்டர்களின் நிர்வாக முகப்பைத் தனி வலையமைப்பில் ஒதுக்கி, குறிப்பிட்ட சில கணினிகளிலிருந்து மட்டும் அணுகும்படி வைப்பது. இதைச் சரியாகச் செய்திருந்தால் ஜூனிபரின் பொதுக் கடவுச்சொல்லும் ஸைக்செலின் மறைவான கணக்கும் இணையத்திலிருந்து வந்தவருக்குப் பயன்பட்டிருக்காது. கதவு எங்கே இருக்கிறது என்று தெரியாமலேயே அதற்குப் போகும் பாதையை அடைக்க முடியும் என்பதால் இதற்கு நான் முதலிடம் தருகிறேன். பதிவுகளை ரவுட்டரிலேயே விட்டுவைக்காமல் வேறொரு சேவையகத்துக்கு அனுப்புங்கள். ரவுட்டர் தானாக வெளியே தொடங்கும் இணைப்புகளைக் கவனியுங்கள். நேரம் சரிபார்ப்பது, புதுப்பிப்பு தேடுவது போன்ற சிலவற்றைத் தவிர ரவுட்டருக்கு வெளியே பேச வேண்டிய காரணம் அநேகமாக இல்லை. ஃபர்ம்வேரின் ஹேஷைத் தயாரிப்பாளர் வெளியிட்டதோடு ஒப்பிடுவது நல்லதுதான், ஆனால் மாற்றப்பட்ட ரவுட்டரிடமே அந்தக் கணக்கைக் கேட்டால் அது பொய் சொல்லலாம். கோப்பை வெளியே எடுத்து வேறொரு கணினியில் சரிபார்க்க வேண்டும். கிளைகளுக்கிடையே செல்லும் தரவை ரவுட்டரின் விபிஎன்னை மட்டும் நம்பி அனுப்பாமல், பயன்பாட்டு மட்டத்திலும் குறியாக்கம் செய்துவிட்டால், ஜூனிபர் போன்ற நிகழ்வு மீண்டும் நேர்ந்தாலும் உள்ளடக்கம் தப்பும்.

வீட்டில் செய்ய வேண்டியவை இவ்வளவு இல்லை. இணையப் பக்கத்திலிருந்து நிர்வாகப் பக்கத்தை அணுகும் வசதியையும், தேவையில்லையென்றால், உள்ளிருக்கும் கருவிகள் தாமாகவே போர்ட்டைத் திறந்துகொள்ள விடும் யுபிஎன்பி வசதியையும் அணைத்துவிடுங்கள். கருவியோடு வந்த கடவுச்சொல்லை மாற்றுங்கள். தானியங்கிப் புதுப்பிப்பு இருந்தால் இயக்கிவிடுங்கள். அவ்வப்போது ரவுட்டரின் டிஎன்எஸ் முகவரி நீங்கள் வைத்ததுதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கைபேசி இணைப்பு போன்ற வேறொரு வலையமைப்பிலிருந்து உங்கள் பொது முகவரியை என்மேப் என்ற சோதனை மென்பொருள் கொண்டு எல்லாப் போர்ட்களுக்கும் சோதித்தால், வெளியே திறந்திருப்பவை தெரிந்துவிடும். 32764-உம் 7547-உம் அப்படித்தான் கண்ணில் படுபவை. எழுப்பினால் மட்டும் விழிக்கும் கதவை இந்தச் சோதனை காட்டாது என்பதையும் நினைவில் வையுங்கள். இணைப்பு கொடுத்தவரின் ரவுட்டரை மாற்ற முடியாவிட்டால், அதன் பின்னால் உங்கள் சொந்த ரவுட்டர் ஒன்றை வைத்து, வீட்டுக் கருவிகளை அதோடு மட்டும் இணைக்கலாம். முன்னால் இருப்பது வெறும் கம்பியைப் போன்றது, அதை நம்ப வேண்டியதில்லை என்ற நிலைக்கு அப்போது வந்துவிடலாம்.

அந்தச் சொந்த ரவுட்டரில் ஓபன்டபிள்யூஆர்டி போன்ற திறந்தமூல ஃபர்ம்வேரை நிறுவுவதை நான் ஆதரிக்கிறேன். தேவையற்ற சேவைகள் அதில் இருக்காது, தயாரிப்பாளர் கைவிட்ட கருவிகளுக்கும் திருத்தங்கள் கிடைக்கின்றன, பலரும் நிரலைப் படிக்கிறார்கள். ஆயினும் வைஃபை சிப்பின் உள்நிரலும் தொடக்க நிரலும் பல மாதிரிகளில் மூடியவையாகவே இருக்கின்றன. 2024 டிசம்பரில், ஃபர்ம்வேரைத் தேவைக்கேற்பத் தொகுத்துத் தரும் ஓபன்டபிள்யூஆர்டியின் சேவையகத்திலேயே ஒரு கடுமையான குறை கண்டறியப்பட்டது. வேறொருவர் தயாரித்த கோப்பை உங்களுக்கு வழங்கச் செய்ய அதனால் முடிந்திருக்கும். அறிவிக்கப்பட்ட சில மணி நேரத்திலேயே அதை மூடி, நடந்ததை விவரமாக வெளியிட்டு, ஐயமுள்ளவர்கள் மீண்டும் நிறுவிக்கொள்ளச் சொன்னார்கள். குறையே இல்லாத நிறுவனம் எங்கும் இல்லை. குறை தெரிந்தபோது எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதை வைத்துத்தான் நான் தேர்ந்தெடுக்கிறேன்.

புதிதாக வாங்குவோர் பார்க்க வேண்டியது, அந்த மாதிரிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் எந்தத் தேதி வரை வரும் என்பதை. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், எல்லாக் கருவிக்கும் ஒரே கடவுச்சொல் வைப்பதைத் தடை செய்வதோடு, அந்தக் கால அளவை வெளிப்படையாக அறிவிக்கவும் சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் தாங்குதிறன் சட்டத்தின் முக்கியக் கடமைகள் 2027 டிசம்பர் 11 முதல் பொருந்தும். பொதுவாகக் குறைந்தது 5 ஆண்டுகள் திருத்தம் வழங்க வேண்டும் என்கிறது அது. இச்சட்டங்களால் பெரிய தயாரிப்பாளர்கள் பலரும் மாதிரிவாரியாக இந்தத் தேதிகளைத் தங்கள் தளங்களில் வெளியிடத் தொடங்கியிருப்பதால், வேறு நாடுகளில் வாங்குவோரும் அங்கே பார்த்துக்கொள்ளலாம். பெட்டியிலும் இல்லை, தளத்திலும் இல்லை, கேட்டாலும் சொல்லவில்லை என்றால் அந்த மாதிரியை வாங்க வேண்டாம். ஏற்கனவே வீட்டில் இருக்கும் ரவுட்டருக்கு அந்தத் தேதி கடந்துவிட்டிருந்தால், அது நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் மாற்றிவிடுங்கள்.